எங்கள் தண்டல் எந்தக் கல்லூரியில் படித்தார்?

கேள்வி, பிப்ரவரி 18, 2024

வேலை செய்யும் இடத்தில் என்னை மேற்பார்வையாளர் ஆக்கப் போகிறார்கள். எம்பிஏ படியுங்கள் என்கிறாள் மனைவி. பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தால் இரண்டு பாடம் தலைமைத்துவம். சிரிப்பு வந்துவிட்டது. கணக்கியலைச் சொல்லிக்கொடுக்கலாம், வணிகச் சட்டத்தைச் சொல்லிக்கொடுக்கலாம். தலைமைத்துவத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரு தண்டல் இருந்தார், தொழிலாளிகளை வேலைக்குப் பிரித்து அனுப்பும் மேற்பார்வையாளர். விடியற்காலை, வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் அவர் செருமினால் இருநூறு பேர் வாயை மூடுவார்கள். அவர் எந்தக் கல்லூரியில் படித்தார்? வணிகம் சொல்லிக்கொடுக்கிறவர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

பதில், பிப்ரவரி 18, இரவு

நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன். வீடு சுங்கை சிப்புட். வேலை ஈப்போவில் ஒரு கல்லூரியில், வணிக டிப்ளோமா மாணவர்களுக்கு. பதினேழு வருடம் ஆகிறது. தலைமைத்துவப் பாடத்தை வேறு யாரும் எடுக்க மாட்டேன் என்றதால் அது என் தலையில் விழுந்தது. சுருக்கமாகச் சொல்கிறேன்: தலைமைத்துவத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது, கற்றுக்கொள்ள முடியும். மீதியை நாளைக்கு எழுதுகிறேன், மாணவர்கள் எழுதிய இடுபணி திருத்த வேண்டும்.

பிப்ரவரி 19

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். பட்டிமன்ற நடுவர் தீர்ப்பு மாதிரி இருக்கிறது. கைதட்டலாம், ஒன்றும் விளங்காது. அதை விடுங்கள்.

தண்டலுக்கு வருகிறேன். அவர் செருமினால் இருநூறு பேர் ஏன் வாயை மூடினார்கள் தம்பி? எந்த மர வரிசை, அதாவது நிரை, யாருக்கு என்று சொல்கிற வாய் அவருடையது. மேட்டு நிரையா பள்ளத்து நிரையா, பால் நன்றாக வடிகிற மரமா பட்டை காய்ந்த கிழட்டு மரமா, எல்லாம் அவர் கையில். என் அம்மா இருபத்தாறு வருடம் பால் வெட்டியவர். தண்டலைப் பற்றிப் பேசும்போது இன்றும் குரலைத் தாழ்த்துவார். தண்டல் செத்துப் பதினைந்து வருடம் ஆகிறது.

அதற்கும் முந்தைய தலைமுறையில் கங்காணி. ஊருக்குப் போய் ஆள் கட்டிக்கொண்டு வந்தவர். அந்த வழி முழுதாக அடைபட்டது 1938-இல், உடலுழைப்புக்கு ஆள் ஏற்றி அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியபோது. தன் ஆட்களில் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனை தலைக்கும் இவ்வளவு காசு என்று அவருக்குத் தனி வருமானம் உண்டு. தலைக்காசு. ஒருத்தி காய்ச்சலில் படுத்துவிட்டால் கங்காணிக்கு நட்டம். பெரட்டில் ஏன் அவ்வளவு சத்தம் என்று இப்போது புரிகிறதா? அதைத் தலைமைத்துவம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் படிக்கவில்லை என்று சொல்லாதீர்கள். பழைய தண்டலுக்குப் பின்னால் பத்து வருடம் விளக்கு பிடித்துக்கொண்டு நடந்துதான் புதுத் தண்டல் வந்தார். அது நம் டிப்ளோமாவைவிட நீளமான படிப்பு.

பிப்ரவரி 20

“அப்படியானால் உங்கள் வகுப்பில் புள்ளி போடுவது யார் டீச்சர்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான்தான். ஆமாம், நான் செருமினாலும் நாற்பது பேர் வாயை மூடுகிறார்கள். நல்ல குத்து, வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 25

பாடத்தில் என்னதான் இருக்கிறது என்று கேட்டவர்களுக்காக. பெரும்பாலும் வகைப்பாடுகள். 1939-இல் உளவியலாளர் கர்ட் லெவினும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் பத்து வயதுப் பையன்களைக் குழுக்களாகப் பிரித்து முகமூடி செய்யவைத்தார்கள். ஒரு குழுவுக்கு அதட்டுகிற தலைவர், ஒரு குழுவுக்குக் கலந்து பேசுகிறவர், இன்னொன்றுக்கு எப்படியோ போங்கள் என்று விட்டுவிடுகிறவர். அப்புறம் 1965-இல் டக்மன் என்ற உளவியலாளர், குழு எப்படிச் சேர்ந்து, சண்டை போட்டு, ஒழுங்குக்கு வந்து, வேலை செய்கிறது என்று நான்கு படி சொன்னார். 1969-இல் ஹெர்சி, பிளான்சார்ட் என்ற நிர்வாகவியலார் இருவரும் ஆளைப் பொறுத்து அணுகுமுறையை மாற்று என்றார்கள். எல்லாம் பயனுள்ளவைதான். ஆனால் தேர்வுத்தாளில் அது எப்படி வருகிறது? “ஜனநாயகத் தலைவரின் ஐந்து பண்புகளை எழுதுக.” ஒரு மாணவி 92 புள்ளி வாங்கினாள். அவள் குழுவில் யாரும் அவளோடு பேசுவதில்லை.

லெவினிடம் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அதட்டுகிற தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் பையன்கள் வேலையை மெதுவாக்கிவிட்டார்கள். உங்கள் தண்டல் அடுத்த நிரைக்குப் போனதும் என்ன நடந்தது என்று யாராவது வீட்டில் கேட்டு எழுதுங்கள்.

பிப்ரவரி 26

வந்துவிட்டது பதில். கூலிமிலிருந்து ஓர் அண்ணன் தன் பாட்டியிடம் கேட்டாராம். பாட்டி சிரித்துவிட்டு, “வெத்தலதான்” என்றாராம்.

மார்ச் 3

சரி, என் தோல்வியைச் சொல்கிறேன். 2022 தீபாவளி. வகுப்பை ஆறு ஆறு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் தீபாவளிச் சந்தையில் மூன்று நாள் கடை போட வேண்டும் என்றேன். முதலீடு அவர்களுடையது, ஆளுக்கு 50 வெள்ளி (ரிங்கிட்). தலைவரை அவர்களே தேர்ந்தெடுக்கலாம். எல்லாக் குழுவிலும் ஒரே மாதிரிதான் நடந்தது: யார் முதலில் வாய் திறந்தாரோ அவர் தலைவர். ஐந்து நிமிடத்தில் தேர்தல் முடிந்தது.

ஒரு குழு முறுக்கு. தலைவன் நன்றாகப் பேசுவான், மூன்று மொழியும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. முறுக்கு சுடுகிற ஓர் அம்மாவிடம் 200 பாக்கெட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தான். மற்ற ஐந்து பேருக்கும் வாட்ஸ்அப் புலனத்தில்தான் தகவல் போனது, அதுவும் ஆர்டர் கொடுத்த பிறகு. முதல் இரண்டு நாள் சுமார். மூன்றாம் நாள் மழை.

பேராக்கில் அந்த மாதத்து மழையைச் சொல்ல வேண்டியதில்லை. மாலை ஏழு மணிக்குப் போனேன். கூடாரத் துணியின் விளிம்பில் தண்ணீர் கோத்துக்கொண்டு, யாராவது கம்பால் தள்ளிவிட்டால் ஒரு வாளி கொட்டியது. மேசையில் பாக்கெட்டுகள் மேல் ஞெகிழி விரித்திருந்தார்கள். தலைவன் ஓரமாக நின்று கைப்பேசி பார்க்கிறான். ஒரு பெண் மட்டும் பாக்கெட்டை ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் அழுத்தி, நமுத்ததை ஒரு பெட்டியிலும் மொறுமொறுப்பு போகாததை இன்னொரு பெட்டியிலும் போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. சற்று நேரத்தில் வேறு இருவர் அவளுக்கு இரண்டு பக்கமும் நின்று அதையே செய்தார்கள். “நல்லத பாதி விலைக்கு இப்பவே குடுத்துடலாம், நாளைக்கு அதுவும் போயிடும்” என்றாள். அவ்வளவுதான் அவள் பேசியது.

நான் என்ன செய்தேன்? சகிக்கவில்லை. பக்கத்துக் கடைத் தம்பியிடம் காசு கொடுத்து, என் பெயரைச் சொல்லாமல் 30 பாக்கெட் முழு விலைக்கு வாங்கி வரச் சொன்னேன். கணக்கில் லாபம் 18 வெள்ளி வந்தது. தலைவன் அறிக்கையில் எழுதினான்: ‘சவாலான வானிலையிலும் குழுவை ஊக்குவித்து இலக்கை அடைந்தேன்.’ நான் அதற்கு ஏ போட்டேன். குழுவினர் ஒருவருக்கொருவர் புள்ளி போடும் படிவத்தில் ஆறு பேரும் ஆறு பேருக்கும் பத்துக்குப் பத்து. முறுக்கு பிரித்த பெண்ணும் அப்படியே போட்டிருந்தாள்.

என் 30 பாக்கெட்டுதான் அந்தப் பையனுக்கு நான் நடத்திய தலைமைத்துவப் பாடம். ஆர்டர் தப்பு என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

மார்ச் 3, பிற்சேர்க்கை

படிவத்தை மறுவருடம் மாற்றினேன். குழுவுக்கு 100 வெள்ளி லாபம் என்று வைத்துக்கொண்டு ஆளாளுக்குப் பிரித்து எழுது, சமமாகப் பிரிக்கக் கூடாது, ஒவ்வொருவருக்கும் ஒரு வரி காரணம் எழுது. பத்துப் புள்ளியை வாரி இறைத்தவர்கள், இல்லாத காசைப் பிரிக்கச் சொன்னதும் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர்கள் ஆகிவிட்டார்கள். ஒரு தலைவனுக்கு ஐந்து பேரும் சேர்ந்து சராசரி 9 வெள்ளி கொடுத்தார்கள். அவன் அழுதான். நான் அதற்குத் தயாராக இல்லை. இப்போதெல்லாம் படிவத்தை வகுப்பில் கொடுக்காமல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உட்காரவைத்துக் காட்டுகிறேன். நேரம் பிடிக்கிறது.

மார்ச் 4

திருத்தம். என் மகள் இதைப் படித்துவிட்டு, 30 இல்லை 24 என்கிறாள். அவள்தான் காடியிலிருந்து (கார்தான்) வீட்டுக்குள் தூக்கிவந்தாளாம். அதுவும் பக்கத்துக் கடைத் தம்பி வாங்கவில்லையாம், நான் அவளைத்தான் அனுப்பினேனாம். பழைய கணக்கு நோட்டைப் பார்த்தேன். 24 தான். தம்பி எங்கிருந்து கதைக்குள் வந்தான் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு வருடத்தில் நினைவு இவ்வளவு வேலை செய்திருக்கிறது.

இதற்காகத்தான் மாணவர்களுக்கு ‘உறை’ என்று ஒன்று வைத்திருக்கிறேன். குழு முடிவெடுக்கும் அன்றைக்கே ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு தாளில் எழுத வேண்டும்: என்ன முடிவு, என்ன நடக்கும் என்று நினைக்கிறாய், ஏன். உறையில் போட்டு ஒட்டி என் அலமாரியில் வைத்துவிடுவேன். ஆறு வாரம் கழித்துப் பிரிப்போம். “நான் அப்பவே நினைச்சேன்” என்று எல்லாரும் சொல்லுவோமே, அந்தப் பேச்சுக்கு அங்கே இடமில்லை.

மார்ச் 16

நோன்பு மாதம். வகுப்பை மாலை ஏழு மணிக்கு ரமடான் சந்தைக்கு அனுப்பினேன். விதி: ஒரு கடைக்கு எதிரே அரை மணி நேரம் நில், எதுவும் கேட்காதே, யார் என்ன முடிவு செய்கிறார்கள் என்று எழுது.

ஒரு மாணவன் பலகாரக் கடை ஒன்றைப் பார்த்துவிட்டு, ‘இங்கே தலைவர் யாரும் இல்லை’ என்று எழுதி வந்தான். அதே கடையைப் பார்த்த இன்னொருத்தி எழுதியது: நடுவில் நிற்கிற மலாய்க்கார அம்மா பேசவே இல்லை. ஒரு தட்டு காலியாகப் போகும்போது இடது கையால் அதை இரண்டு விரற்கடை பின்னால் இழுக்கிறார். பின்னால் நிற்கிற பையன் அந்தத் தட்டை நிரப்புகிறான். ஒருமுறை அவர் இழுக்கவில்லை, பையன் நிரப்ப வந்தான், அவர் தட்டின் மேல் கையை வைத்தார். நோன்பு திறக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது, இனி அது விற்காது.

இதன் மேல் வகுப்பில் ஒரு மணி நேரம் சண்டை. நான் அன்று பாடம் நடத்தவே இல்லை. என் பதினேழு வருடத்தில் நடந்த நல்ல வகுப்புகளில் அது ஒன்று.

அடுத்த வகுப்பில் ரெவன்ஸைச் சொன்னேன், சரியாகப் பொருந்தியது. ரெக் ரெவன்ஸ், இங்கிலாந்துக்காரர், இயற்பியல் படித்தவர், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் நீளம் தாண்டியவர். 1940களில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலின் பயிற்சிப் பொறுப்பு அவரிடம் வந்தது. சுரங்க மேலாளர்களுக்குப் பேராசிரியர்களை வைத்துச் சொற்பொழிவு நடத்தவில்லை. அவர்களையே சிறு குழுவாக உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு சொந்தச் சிக்கலைக் கொண்டுவரச் சொன்னார். மற்றவர்கள் புத்தி சொல்லக் கூடாது, கேள்விதான் கேட்க வேண்டும். திரும்பிப் போய் எதையாவது செய்துபார்த்துவிட்டு வந்து மறுபடி சொல்ல வேண்டும். செயல்வழிக் கற்றல் என்று இன்று பெரிய வணிகப் பள்ளிகள் பேசுவதற்கு வேர் அங்கே இருக்கிறது. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் அமெரிக்காவின் எம்ஐடி ஸ்லோன் வணிகப் பள்ளியும் சேர்ந்து 2015-இல் கோலாலம்பூரில் தொடங்கிய ஆசியா ஸ்கூல் ஆஃப் பிசினஸ் மாணவர்களை நிஜ நிறுவனங்களுக்குள் அனுப்பிப் படிக்கவைப்பதும் இந்த வழிதான்.

பால் நிறுக்கும் இடத்தில் வாளியோடு வரிசையில் நின்றபடி அம்மாவும் கூட்டாளிகளும் பேசிக்கொண்டதும் இதுதானே என்று தோன்றியது. “ஒம் மரத்துல பால் எப்படி நின்னுச்சு, நீ கத்திய எப்படிப் புடிச்ச?” கேள்விதான். அதற்குப் பெயர் வைக்க ஓர் இங்கிலாந்துக்காரர் வேண்டியிருந்தது.

மார்ச் 30

ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908-இல் தொடங்கியது. 1920களிலிருந்து அங்கே நிகழ்வாய்வுதான்: ஒரு நிறுவனத்தின் சிக்கலைப் பத்துப் பதினைந்து பக்கத்தில் கொடுத்து, நீ அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வாய் என்று வகுப்பில் பேசவிடுவது. பல பாடங்களில் பாதிப் புள்ளி வகுப்பில் பேசியதற்கே. எங்கள் கைக்கு வரும் நிகழ்வாய்வுகளில் அமெரிக்க விமான நிறுவனம், கோப்பிக் கடைச் சங்கிலி. மாணவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். அதனால் நானே ஒன்று எழுதினேன், எங்கள் ஊரை வைத்து.

1950களின் பின்பாதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டம் துண்டானால் வேலையும் போகும், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளியிடம் மாதம் 10 வெள்ளி வாங்கிச் சேர்த்து, தோட்டத்தைத் தொழிலாளிகளின் சங்கமே வாங்குவது. அமைச்சராக இருந்த அவரே தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். கெடாவில் புக்கிட் சிடிம் முதலில் வாங்கிய தோட்டம்.

என் நிகழ்வாய்வு ஒரே பக்கம். கடைசிக் கேள்வி: நீ 1960-இல் பால் வெட்டுகிற பெண். மூன்று பிள்ளைகள். கையெழுத்துப் போடத் தெரியாது. ஒருவர் வந்து மாதம் 10 வெள்ளி கேட்கிறார். கொடுப்பாயா?

பாதிப் பேர் மாட்டேன் என்பார்கள். அப்போது பாட்டியின் பங்குத்தாளைப் பையிலிருந்து எடுப்பேன். பிஸ்கட் டின்னில் கிடந்தது, மடித்த கோட்டில் கிழிந்து, மூலையில் பெருவிரல் ரேகை. ஏன் கொடுத்தாய் என்று பாட்டி இருந்தபோது கேட்டிருக்கிறேன். சம்பந்தன் பேசியதைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “தண்டல் மொதல்ல குடுத்தாரு. அவரே குடுக்கிறாருன்னா நாமளும் குடுப்போம்னு” என்றார்.

ஆக, கேள்வி கேட்ட தம்பிக்கு ஒரு புள்ளி. பிப்ரவரியில் நான் தண்டலை அவ்வளவு எளிதாகத் தள்ளியிருக்கக் கூடாது.

ஏப்ரல் 2

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: இப்படி நம்பிப் பங்குக்குக் கொடுத்த பணம் திரும்பாமல் போன கதையும் உண்டே என்று. ஆமாம், அதே பிஸ்கட் டின்னில் பின்னாளில் வந்த இன்னொரு பங்குத்தாளும் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். அதற்கும் நம்பித்தான் கொடுத்தோம், அம்மாவின் ஒரு சோடி வளையல் அடகுக்குப் போனது, திரும்பவில்லை. இப்போது வகுப்பில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். எதற்குக் கொடுத்திருக்கலாம், எதற்குக் கூடாது, அன்றைக்கு நிற்கிறவளுக்கு அது எப்படித் தெரியும்? பின்னால் போகிறவர் எப்போது நின்று கேள்வி கேட்க வேண்டும் என்று எங்கள் பாடத்திட்டத்தில் ஓர் அத்தியாயம்கூட இல்லை. எல்லாரும் முன்னால் போகப் போகிறவர்கள் என்ற நினைப்பு.

கூட்டுப் பணத்தை, அதாவது மாதச் சீட்டுக் கட்டுவதைப் பற்றி இருவர் கேட்டிருக்கிறீர்கள். அம்மா பன்னிரண்டு பெண்களை வைத்துக் கூட்டு நடத்தினார். ஒருமுறை ஒருத்தியின் புருஷன் லோரியில் அடிபட்டதும், சீட்டு எடுக்காமல் அந்த மாதப் பணம் அவளுக்கே என்று பேசி முடித்தார், பதினோரு வீட்டுக்கும் நடந்துபோய். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்யக் கூடாது என்று 1971-இலேயே சட்டம் வந்துவிட்டது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “யாரு தொழிலாச் செஞ்சது? நட்டம்தான்” என்றார்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. எங்கள் வீட்டில் வேப்பம்பூப் பச்சடி யார் செய்வது என்பதில் தலைமைத்துவ நெருக்கடி. கலந்து பேசும் முறை தோற்றது. மாமியார் செருமினார், நடந்தது.

ஏப்ரல் 21

முதல் நாள் எழுதிய அந்தப் பட்டிமன்ற வரியை முழுதாகத் திரும்பப் பெறுகிறேன். காரணம் காக்கிநாடா. 1960களில் ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் ஆந்திராவில் காக்கிநாடா ஊர்ச் சிறு வியாபாரிகளுக்கு ஒரு குறுகிய பயிற்சி கொடுத்தார். சாதிக்க வேண்டும் என்ற உந்துதலைப் பெரியவர்களிடமும் வளர்க்க முடியுமா என்று பார்ப்பது நோக்கம். ஒரு சிறு இலக்கு வை, அதில் உன் கை எவ்வளவு என்று பார், விளைவை உடனே அளந்து பார் என்ற மாதிரிப் பயிற்சிகள். பிறகு போய்ப் பார்த்தபோது, பயிற்சிக்கு வராதவர்களைவிட வந்தவர்கள் புதிய முதலீட்டிலும் ஆள் சேர்ப்பதிலும் சுறுசுறுப்பாக இருந்தார்கள். நடுவயதில், கல்லாவில் உட்கார்ந்தே பழகியவர்கள். ஆக, சொல்லிக்கொடுக்கவே முடியாது என்று நான் சொன்னது தவறு.

ஏப்ரல் 22

“அது சாதனை உந்துதல், தலைமைத்துவம் இல்லையே?” என்று ஒருவர் கேட்கிறார். சரிதான். இரண்டும் ஒன்றில்லை. தானே ஓடுகிறவனுக்கு மற்றவரோடு நடப்பது கஷ்டமாகவும் ஆகலாம். பாதி திரும்பப் பெறுகிறேன்.

ஏப்ரல் 28

உங்கள் யோசனை வேண்டும். இந்தப் பருவத்தில் ஒரு குழு எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தின் மாரியம்மன் கோயில் திருவிழாவில் கடை போடுகிறது. இன்று முடிவெடுத்தார்கள்: பால் கலந்த ரோஸ் சிராப், ஐஸ் போட்டு, கப் 2 வெள்ளி, 300 கப். தீமிதி நாள், வெயில், கூட்டம், கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்தக் கோயிலில் வருடா வருடம் தண்ணீர்ப் பந்தல் உண்டு. மோரும் பானகமும் சும்மா. கடையிலிருந்து இருபது அடியில்.

சொல்வதா வேண்டாமா? முறுக்கில் கை வைத்துக் கெடுத்தவள் நான். ஆளுக்கு 20 வெள்ளிக்கு மேல் நட்டம் வரக் கூடாது, வந்தால் மீதி கல்லூரி நிதியில் என்று முன்கூட்டியே எல்லை போட்டிருக்கிறேன். அதனால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. உறைகளும் வாங்கி வைத்தாகிவிட்டது.

ஏப்ரல் 30

சொல்லுங்கள் என்று ஏழு பேர், சொல்லாதீர்கள் என்று பதினொரு பேர், ஐஸ் எங்கே வாங்குகிறார்கள் என்று ஒருவர். நான் சொல்லவில்லை.

மே 19

நேற்றுத் திருவிழா. 43 கப் போனது.

பந்தலில் வரிசை, இவர்கள் கடையில் ஈ. மாலை நான்கு மணிக்கு ஐஸ் பெட்டியில் பாதி தண்ணீர். நான் தூரத்தில் ஆலமரத்தடியில் நின்றேன், பணப்பையைக் காடியிலேயே பூட்டிவிட்டு. ஐந்து மணிக்குக் குழுவில் ஒருத்தி ஏதோ சொன்னாள், தலைவன் தலையாட்டினான். மேசையைத் தூக்கிக்கொண்டு காடிகள் நிறுத்தும் திடல் வாசலுக்குப் போனார்கள். அங்கே வெளியேற முடியாமல் வண்டிகள் வரிசையில் நின்றன, பின்சீட்டில் குழந்தைகள். 43 என்றேனே, அதில் 32 அங்கே போனது. மீதி சிராப்பைப் பந்தலுக்கே கொடுத்துவிட்டார்கள். ஆளுக்கு 17 வெள்ளி நட்டம். எல்லைக்குள்தான்.

எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. பாடம் நடந்துவிட்டது என்று நினைத்தேன்.

மே 21

ஒரு மாணவனின் அப்பா கைப்பேசியில் அழைத்தார். லோரி ஓட்டுகிறவர். 17 வெள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “பந்தல் இருக்கும்னு டீச்சருக்குத் தெரியுமா தெரியாதா?” என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். “சரிங்க” என்று வைத்துவிட்டார். அந்த ‘சரிங்க’ இன்னும் காதில் இருக்கிறது.

மே 22

“இல்லை அக்கா, நீங்கள் செய்தது சரி” என்று எழுதுகிறவர்களுக்கு நன்றி. கொஞ்ச நாள் பேசாமல் இருக்கிறேன்.

ஜூன் 9

உறைகளைப் பிரித்தோம். ஐந்து உறையிலும் ஏறக்குறைய ஒன்றே: 250 முதல் 300 கப் போகும், வெயில், கூட்டம். ஆறாவது, மேசையைத் திடலுக்கு மாற்றச் சொன்ன அந்தப் பெண்ணுடையது. அவள் அனுமதியோடு அப்படியே போடுகிறேன்:

‘பந்தலில் மோர் சும்மா கொடுப்பார்கள். பந்தல் போடுவது என் மாமாதான். 50 கப்புக்கு மேல் போகாது. குழுவில் சொன்னேன். டீச்சர் இந்த ஊர்தான், அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் திட்டத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதனால் நான் நினைப்பது தப்பாக இருக்கலாம்.’

தலைவன் உண்மையாகவே திகைத்துப்போனான். “எப்பச் சொன்ன?”

“பஸ்ல. நீ காதுல பாட்டு மாட்டியிருந்த.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் கடைசி இரண்டு வரியை மறுபடி படித்தேன். நான் ஆலமரத்தடியில் கைகட்டி நின்றதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு என் மௌனம் ஒரு பதிலாகப் போயிருக்கிறது, அதுவும் தப்பான பதில். தண்டல் செருமியதற்கும் நான் செருமாமல் இருந்ததற்கும் அவள் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வகுப்பிலேயே மன்னிப்புக் கேட்டேன். அவள் சங்கடப்பட்டு, “பரவால்ல டீச்சர்” என்றாள்.

“கோயிலுக்குப் போய்ப் பார்த்தீர்களா?” என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ரெவன்ஸை நடத்திவிட்டு வந்து, அது எனக்குத் தோன்றவில்லை.

ஜூன் 11

கேள்வி கேட்ட தம்பி திரும்பி வந்திருக்கிறார்: “கடைசியில் நான் எம்பிஏ சேர்வதா வேண்டாமா?” கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து நிர்வாகவியல் பேராசிரியர் மின்ட்ஸ்பெர்க் ரொம்ப நாளாகச் சொல்லிவருவது, வேலையில் இருந்தபடி, சொந்த அனுபவத்தை வகுப்புக்குக் கொண்டுவருகிறவருக்குத்தான் நிர்வாகப் படிப்பு பயன்படும் என்று. 1996-இல் அப்படி ஒரு படிப்பையே தொடங்கினார். நீங்கள் மேற்பார்வையாளராகி ஒரு வருடம் உதைபட்டுவிட்டுச் சேருங்கள். சேரும் முன் ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து, விரிவுரையாளர் எத்தனை நிமிடம் பேசுகிறார் என்று கடிகாரம் பாருங்கள். பாதிக்கு மேல் என்றால் கட்டணத்தை மிச்சம் பிடித்து மனைவிக்கு வளையல் வாங்கிக் கொடுங்கள்.

ஜூன் 16

அந்தப் பெண்ணை அடுத்த பருவக் குழுவுக்குத் தலைவியாக இருக்கிறாயா என்று கேட்டேன். “வேணாம் டீச்சர், நான் கணக்குப் பாத்துக்குறேன்” என்றாள். வற்புறுத்துவதா, விட்டுவிடுவதா, இரண்டும் செருமல்தான் என்று தோன்றியது. கணக்கு நோட்டைக் கொடுத்துவிட்டேன்.

ஜூலையில் புதுக் குழுக்கள் வருகின்றன. ஒரு விதியை மாற்றியிருக்கிறேன்: கடைக்கு ஒரு வாரம் முன்பே உறைகளை நான் பிரித்துப் படிப்பேன், இது மாணவர்களுக்கும் தெரியும். படித்துவிட்டு என்ன செய்வேன் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.